எந்த வாய்

லாமிங்டன் ரோட்டில் ஹிதேன் கேட்கிறான்,
"கௌன்சா பின்?"
அவன் பின் என்பதை நான் வாய் என்பேன்.
கம்ப்யூட்டரின் விலாவில் வரிசையாய்த் திறந்திருப்பவை
வேறென்ன.

கண்ணாடிப் பலகைமேல் எடுத்து வைக்கிறான்:
பழைய யூஎஸ்பி, நீலநாக்கு யூஎஸ்பி, டைப்-சி,
கடைசியாக, உறை பிரிக்காமல், தண்டர்போல்ட்.
பெயரிலேயே இடி.
விலையைச் சொன்னான், விழுந்தது.

கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுபவள் நான்.
தாராவி தொண்ணூறடி ரோட்டில்
தையல் பட்டறைக்கு மேல்மாடி.
கீழே மிஷின் ஓடினால் மேலே என் மேசை ஆடும்.
டிஸ்க்கை மடித்த துண்டின்மேல்தான் வைப்பேன்.

வேகம் வேண்டுமா என்கிறான்.
நகலெடுப்பது ராத்திரி வேலை, ஹிதேன்.
பத்தரைக்குப் பொத்தானை அமுக்கிவிட்டுப் படுத்தால்
அது பதினொன்றுக்கு முடித்தாலும் நாலுக்கு முடித்தாலும்
எனக்குப் பால் பாக்கெட் வருவது ஐந்தரைக்கு.
என் கம்ப்யூட்டருக்கோ பழைய வாய்.
அண்டா எத்தனை பெரிதானாலும்
குழாயில் வருவதுதானே வரும்.

இதே கேள்விக்கு முன்பொருமுறை
தப்பாகப் பதில் சொல்லியிருக்கிறேன்.
அப்போது எல்லோரும் ஃபயர்வயர் என்றார்கள்.
தொழில் தெரிந்தவன் வாங்குவது அதைத்தான் என்றார்கள்.
வாங்கினேன். கருப்பு, செங்கல் கனம்,
வாய்க்குள் ஒன்பது பல்.
முப்பத்தேழு கல்யாணம் ஏற்றினேன்.
பிறகு கம்ப்யூட்டர் செய்கிறவர்கள்
யாரையும் கேட்காமல்
அந்த வாயை மூடிவிட்டார்கள்.

ஜெபக்கனி வந்தது போன தவக்காலத்தில்.
பாந்திரா குடும்ப நீதிமன்றத்தில் வழக்கு.
போட்டது நாற்பத்தோரு பவுன் என்கிறாள் இவள்.
இருபத்தாறு என்கிறது அந்தப் பக்கம்.
"நீங்கதானேக்கா எடுத்தீங்க,
கழுத்து, காது, எல்லாம் கிட்ட வச்சு?"
எடுத்தேன். இருக்கிறது.
கரண்ட் கொடுத்தால் டிஸ்க் சுழலும் சத்தம்கூடக் கேட்கிறது.
உள்ளே அவள் அத்தனை நகையோடும் நிற்கிறாள்,
வெளியே வர வாசலில்லை.

ஹிதேன்தான் தேடித் தந்தான்.
ஒன்றின் வாலை ஒன்று கவ்விய அடாப்டர்கள்,
டிஸ்க்கின் விலையைத் தாண்டிவிட்டது.
கடன் வாங்கிய லேப்டாப்பில் பொருத்திவிட்டு
மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தோம்.
திரையின் ஓரத்தில் ஆரஞ்சாய் ஒரு சதுரம் வந்தது.

அவள் முதலில் நகையைப் பார்க்கவில்லை.
"அப்பாவுக்கு முடி எவ்வளவு கருப்பா இருந்திருக்கு" என்றாள்.
பிறகு எண்ணினோம்,
நிறுத்தி, பின்னால் போய், மறுபடி நிறுத்தி.
காசுமாலை ஒன்று. சங்கிலி இரண்டு.
வலது கையில் வளையல் ஆறு.
இடது கையைப் பூச்செண்டு மறைத்திருந்தது,
கோவிலைவிட்டு இறங்கும்வரை, ஒவ்வொரு ஷாட்டிலும்.
பிடித்துக்கொள், அழகாயிருக்கும் என்று
சொன்னவள் நான்.

அதனால், ஹிதேன், இடி வேண்டாம்.
கம்பியில்லாமல் வைஃபையில் பேசுவதும் வேண்டாம்,
எங்கள் சந்தில் காற்றுக்கே இடநெருக்கடி.
ஜெபக்கனியின் போனிலும்
கீழே பட்டறைப் பையனின் சார்ஜரிலும் இருக்கிற
அந்தச் சாதாரண வாயைக் கொடு.
எப்படித் திருப்பிச் செருகினாலும் போகிறதே, அது.
(பழையதற்கு இரண்டே பக்கம்தான்,
எனக்கு மூன்று தடவை ஆகும்.)
மறுமுனை பழைய வாய்க்குப் பொருந்தும் கேபிளும் ஒன்று.
டிஸ்க் இரண்டு:
ஒன்று துண்டின்மேல்,
ஒன்று அம்பர்நாத்தில் தங்கை வீட்டு பீரோவில்.

கேபிளை டிஸ்க்கோடு சேர்த்து ரப்பர் பேண்டு போடுகிறான்.
பில்லுக்குக் காத்திருக்கையில்
முதுகில் பிளாஸ்திரி ஒட்டித் தேதி எழுதுகிறேன்.
வாங்கிய தேதியல்ல,
இந்த வாயும் மூடுவதற்குள்
வேறொன்றுக்குக் குடிபெயர்க்க வேண்டிய தேதி.
பார்த்துவிட்டு ஹிதேன் சிரிக்கிறான்,
அன்றைக்கும் கடைக்கு வாங்க என்கிறான்.

கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் கூட்டம்.
பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஏறினேன்.
தாதரைத் தாண்டும்போது ஜெபக்கனியின் மெசேஜ்:
வாய்தா தள்ளிப்போயிருக்கிறது,
இடது கையைப் பற்றி
இன்னும் வாதாடுகிறார்களாம்.